வெள்ளைக் கடுவனின் காது

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில், இரு பாதிகளாகப் பொருந்தியிருந்த பிளாஸ்டர் அச்சைப் பிரித்து ஒரு வெள்ளை நாயை வெளியே எடுத்த தொழிலாளி, அதன் காதோரம் ஓடிய விளிம்புக் கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பலகையின்மேல் ஏற்கெனவே வரிசையாக உட்கார்ந்திருந்த நாய்களுக்குப் பக்கத்தில் அதையும் கொண்டுபோய் உட்காரவைத்ததைச் சென்ற சித்திரையில் ஒரு நாள் நெடுநேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூழாகக் கரைத்த களிமண்ணை அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். பிளாஸ்டர் நீரை உறிஞ்சிக்கொள்ள, சுவரோரமாக மண் படிந்து தடிக்கிறது. மிஞ்சிய கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டால், உள்ளே கூடாக ஒரு நாய் கிடைத்துவிடுகிறது. ஓர் அச்சு எத்தனை காலத்துக்கு உழைக்கும் என்று விசாரித்தேன். "தேஞ்சுகிட்டே வருங்க. மொதல்ல மூக்கு மொழுங்கிப்போவும், அப்புறம் காது. அப்ப தூக்கிப் போட்டுட்டு வேற அச்சு எடுத்துக்குவோம்" என்றார். அன்று பிற்பகல் மங்களூரில் நான் பார்த்ததும் ஒரு வெள்ளை நாயைத்தான்.

மங்களூர் என்றதும் வாசகர் அரபிக்கடலோரத்துத் துறைமுகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது விருத்தாசலத்துக்கு மேற்கே, கடலூர் மாவட்டத்தின் ஓரத்தில், பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற, பெரும்பாலும் வானத்தை நம்பிய பூமி. என் சிநேகிதருக்குச் சித்தப்பா முறையாகும் பெரியவர் ஒருவர் அங்கே காட்டுக்கொட்டகை போட்டுக்கொண்டு வாசம் செய்கிறார். கதிர் பால் பிடிக்கும் காலத்தில் இரவில் காட்டுப்பன்றிகள் இறங்கி ஒரே ராத்திரியில் அரை ஏக்கரைச் சாய்த்துவிட்டுப் போய்விடுவதால், நல்ல ஜாதிக் காவல் நாய் ஒன்று வேண்டுமென்று அலைந்து, 12,000 ரூபாய் கொடுத்து, பால் போன்ற வெள்ளையும் ரோஜா நிற மூக்குமாக ஒரு ராஜபாளையம் கடுவன் குட்டியை இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிவந்திருக்கிறார். சென்ற கார்த்திகையில் பன்றிகள் வந்தபோது, அந்த வெள்ளைக் கடுவன் கட்டிலுக்கடியில் சுருண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"கூப்பிட்டாக்கூடத் திரும்பிப் பாக்காதுங்க. ராஜ வம்சம் பாருங்க, கொஞ்சம் திமிரு இருக்கத்தான் செய்யும்னு குட்டி குடுத்தவரே சொன்னாரு" என்றார் பெரியவர். அதன் திமிரைப் பரீட்சித்துப் பார்க்க எனக்கு ஆசை உண்டாயிற்று. அது வேறு பக்கம் பார்த்துப் படுத்திருந்த சமயத்தில், ஓர் எவர்சில்வர் தட்டை எடுத்து, காற்றடிக்காத பக்கமாக நின்று, கரண்டியால் ஓங்கி அடித்தேன். வேலிமேல் இருந்த கரிச்சான் பறந்து போயிற்று. அடுத்த கொல்லை ஆடுகள் தலை நிமிர்ந்தன. நாய் மட்டும் ஓர் ஈயைக் கடிக்க முயன்றுகொண்டிருந்தது. மனிதக் காது ஒரு வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேல் உணராது. நாயின் காதோ 40,000-க்கு மேலும் போகும். அத்தகைய காதுள்ள பிராணி அந்தத் தட்டோசைக்கு வால் நுனியைக்கூட அசைக்கவில்லை என்றால், அதற்குப் பெயர் திமிர் ஆகாது. அது பிறவிச் செவிடு.

வெள்ளை நிறத்துக்கும் செவிட்டுத்தன்மைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பது நியாயமே. வெள்ளைப் பூனைகளில் நீலக் கண் உடையவை பெரும்பாலும் செவிடாயிருக்கின்றன என்பதை டார்வினே குறித்திருக்கிறார். காரணம் அவருக்குத் தெரியவில்லை. இன்று தெரியும். தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் கொடுக்கிற நிறமி அணுக்கள் கருவில் முதுகுத்தண்டு உருவாகும் இடத்தருகே பிறந்து, அங்கிருந்து உடம்பெங்கும் குடிபெயர்ந்து போகின்றன. அவற்றில் ஒரு பகுதி காதின் உட்கூட்டில், நத்தை ஓடு போல் சுருண்டிருக்கும் உறுப்பின் ஓரச் சுவரில் போய்க் குடியேறுகிறது. அங்கே நிறம் பூச வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. அந்த உறுப்பில் நிறைந்துள்ள திரவத்தின் பொட்டாசியச் செறிவைக் குறையாமல் காப்பாற்றுவதே அவற்றின் உத்தியோகம். அந்தச் செறிவுதான், ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்களுக்கு மின்கலம் போன்றது. குடிபெயர்ச்சி தடைப்பட்டால் வெளியே ரோமம் வெளுக்கிறது. உள்ளே அந்தச் சுவர் நலிகிறது. சுவர் நலிந்தால் நுண்மயிர் அணுக்கள் மடிகின்றன. குட்டியின் காதுத் துளை திறப்பதே பிறந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான்; பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே உள்ளே இந்த நாசம் நடந்து முடிந்துவிடுவதால், உலகத்தின் ஓசை என்பது அதற்கு எப்போதுமே இல்லாமல் போகிறது.

இதில் ஒரு வினோதமும் உண்டு. நிறமே உற்பத்தியாகாத அல்பினோ பிராணியும் வெள்ளைதான். ஆனால் அது செவிடாயிருப்பதில்லை. அதன் நிறமி அணுக்கள் போகவேண்டிய இடத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன, சாயம் தயாரிக்க மட்டும் அவற்றுக்குத் தெரியாது. ஆகவே குற்றம் வெள்ளையில் இல்லை, ஆள் போய்ச் சேராத இடத்தில் இருக்கிறது. புள்ளிபோட்ட டால்மேஷியன் நாய்களை அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தபோது நூற்றுக்குச் சுமார் 30 நாய்கள் ஒரு காதிலோ இரு காதிலோ செவிடாயிருந்தன. தலையில் மெல்லிய மின்வாய்களைச் செருகி, காதில் டிக்டிக்கென்று ஓசை கொடுத்து, மூளைத்தண்டில் அலை எழுகிறதா என்று பார்ப்பதே அந்தச் சோதனை. ஒரு காது மட்டும் கேளாத நாயை வீட்டில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. அது கூப்பிட்டால் வரும், குரைக்கும், காவல் காக்கும், தன் குறையைத் தன் குட்டிகளுக்கும் தந்துவிட்டுப் போகும்.

இப்போது ராஜபாளையத்துக்கு வருவோம். 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் நம் தபால் இலாகா நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, தெற்கிலிருந்து அதில் இடம்பெற்ற ஒன்று இந்த ராஜபாளையம். அந்த இனத்தில் கறுப்பும் பழுப்பும் புள்ளியுமாகக் குட்டிகள் பிறப்பதுண்டு. ஆனால் பால் வெள்ளையே உயர்ந்தது என்ற அபிப்பிராயம் எப்படியோ வேரூன்றிவிட்டதால், வேறு நிறக் குட்டிகளைப் பிறந்தவுடனேயே ஒழித்துவிடும் வழக்கம் முன்னாட்களில் இருந்தது. எண்ணிப் பாருங்கள்: நிறமி அணுக்கள் ஒழுங்காகக் குடிபெயர்ந்த குட்டிகளாகப் பார்த்துப் பார்த்துக் கொன்றுவிட்டு, பெயராத குட்டிகளாகப் பார்த்துப் பார்த்து வளர்த்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக இவ்வளவு சிரத்தையோடு செவிட்டுத்தன்மையைப் போஷித்து வந்தவர்கள், அந்த நாயை நேசிக்காதவர்கள் என்று யார் சொல்ல முடியும்? நேசம் முழுவதும் கண் வழியாகவே போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கேட்டை விரைவுபடுத்துவது உறவுக்குள்ளேயே இணை சேர்க்கும் பழக்கம். ஒவ்வொரு மரபணுவும் தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என இரு பிரதிகளாக வருகிறது. ஒன்று கெட்டிருந்தாலும் மற்றது காப்பாற்றிக்கொண்டு போகும். தந்தையும் தாயும் ஒரே மூதாதையின் சந்ததியாயிருந்தால், கெட்ட பிரதியே இரு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. இதை எண்ணால் அளக்கும் முறையை 1922-இல் சூயல் ரைட் என்ற அமெரிக்க மரபியலார் வகுத்துக் கொடுத்தார். நம்மவருக்கு இது எளிதில் புரியும் கணக்கு. மாமன் மகளை மணந்தால் பிறக்கும் குழந்தைக்கு அந்த எண் நூற்றுக்கு 6.25, அக்காள் மகளை மணந்தால் 12.5; இதைச் சொல்லித்தான் நம் டாக்டர்கள் அரை நூற்றாண்டாகப் பெண் கேட்டுப் போகிறவர்களைத் தடுத்துவருகிறார்கள். தன் மகளோடு கடுவனை இணை சேர்க்கும்போது அது 25. பரிசு வாங்கிய ஒரே கடுவனை வைத்துக்கொண்டு, வருகிற பெட்டைகளுக்கெல்லாம் அதையே விட்டு, அந்த ஈத்துப் பெட்டைகள் வளர்ந்ததும் அவற்றுக்கும் அதையே விடுகிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாதென்றில்லை; "லைன் பிரீடிங்" என்று அதற்கு ஒரு கௌரவமான பெயர்கூட வைத்திருக்கிறார். பட்டறைக்காரருக்கு மூக்கு மொழுங்கினால் தூக்கிப்போட வேறு அச்சு உண்டு. இங்கே அச்சும் சரக்கும் ஒரே ரத்தம்.

அயல் நாட்டு இனங்களின் கதை இதைவிட மோசம் என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2003 வாக்கில் ஹட்ச் தொலைபேசி விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னால் ஓடிவந்த பக் நாயைக் கண்டு, தேசம் முழுவதும் வீட்டுக்கொரு பக் வேண்டுமென்று ஆசைப்பட்டது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, மூக்கினுள் உள்ள ஈரமான மடிப்புகளின் மேல் காற்றை ஓட்டித்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். மூக்கையே உள்ளே தள்ளித் தட்டையாக்கிவிட்டால் அந்த மடிப்புகள் நெருங்கி அடைபட, மென்னண்ணம் தொண்டையை மறிக்க, அது உறங்கும்போது கேட்கிற குறட்டையை நாம் செல்லச் சிரிப்புக்குரியதாக எண்ணுகிறோம். பிரிட்டனில் இருந்த ஏறக்குறைய 10,000 பக் நாய்களின் மரபு வேறுபாடு முழுவதும் சுமார் 50 நாய்களுக்குரியதே என்று 2008-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். புல்டாக் இனத்திலோ, தலை பெருத்து இடுப்பு ஒடுங்கிப்போனதால் பத்தில் எட்டு ஈத்துக்கு மேல் வயிற்றைக் கிழித்தே எடுக்க வேண்டியிருக்கிறது. வைத்தியர் கத்தி இல்லாவிட்டால் இனமே அற்றுப்போகும் ஒரு பிராணியை மனிதன் சிருஷ்டித்திருக்கிறான். பனிப்பிரதேசத்து ஹஸ்கியைத் திட்டக்குடியின் கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் கட்டிவைத்திருப்பவரைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை வேறு திசையில் போய்விடும்.

சட்டம் இல்லாமலில்லை. 2017-இல் மத்திய அரசு பிறப்பித்த விதிகளின்படி நாய் இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் நிரம்ப வேண்டும், 8 வயது தாண்டக்கூடாது, ஆயுளில் 5 ஈத்துக்கு மேல் கூடாது. குட்டியை 8 வாரத்துக்கு முன் விற்கக் கூடாது. 30 நாள் குட்டி பார்க்க அழகாயிருக்கும், சீக்கிரம் விலை போகும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி வடிந்து, தடுப்பூசியின் சக்தி இன்னும் ஏறாத அந்த இடைவேளையில் அது பார்வோ வைரஸுக்கு இரையாகி ரத்தமாய்க் கழிந்து சாகும்போது விற்றவர் பக்கத்தில் இருக்கமாட்டார். தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாயினக் கொள்கை, பக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், சவ் சவ் முதலிய 11 அயல் இனங்கள் நம் சீதோஷ்ணத்துக்கு ஒவ்வாதவை என்று அவற்றின் இனப்பெருக்கத்தைத் தடுக்க முனைந்தது. இந்திய கென்னல் கிளப் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. நாட்டு இனங்களைக் காக்கவென்று கால்நடை இலாகா சைதாப்பேட்டையில் நடத்திவந்த நிலையத்தையோ, 2016-இல் சென்னை உயர் நீதிமன்றமே மூடச் சொல்லிவிட்டது. நம் ஜாதி நாயை ஒழிக்கிறார்கள் என்று அப்போது கூக்குரல் எழுந்தது எனக்கு நினைவிருக்கிறது. நாட்டு நாய் என்றால் நோயற்ற நாய் என்று நாம் கொண்டிருக்கும் நம்பிக்கையில் பாதி உண்மை. தெருவில் தானே இணை தேடித் தானே பிழைத்த நாய்க்கு அது பொருந்தும். கூண்டில் வைத்து நிறம் பார்த்துப் பெருக்கிய நாய்க்கு, அது ராஜபாளையமானாலும் சிப்பிப்பாறையானாலும், பொருந்தாது. 2020 ஆகஸ்டில் பிரதமரே வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் புகழ்ந்துவிட்ட பிறகு, ஆசைப்படுகிறவருக்கும் விற்கிறவருக்கும் குறைவில்லை.

பெரியவருக்கு விஷயத்தை விளக்கிச் சொன்னேன். நெடுநேரம் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தவர், உள்ளே போய்க் கைப்பேசியை எடுத்துவந்து, குட்டி கொடுத்தவரைக் கூப்பிட்டார். இவர் பேசியதே எனக்குக் கேட்டது: "காது கேக்கலியாம்ப்பா... ஆமாப்பா, வெள்ளைதான் கேட்டேன்... கூடப்பொறந்த குட்டிங்க எப்படி இருக்கு?... அதெப்படித் தெரியாது?" அப்புறம் சற்று நேரம் கேட்டுக்கொண்டேயிருந்துவிட்டு வைத்துவிட்டார். அடுத்த ஈத்தில் ஒரு குட்டி பாதி விலைக்குத் தருகிறாராம். இதே கடுவனைக் கொண்டுவந்து விட்டால் காசில்லாமலே தருகிறாராம், இவ்வளவு வெள்ளை இப்போது கிடைப்பதில்லையாம்.

"விடப்போறீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க, இன்னும் பத்து செவிடா?" என்று சொல்லிவிட்டு, ஊன்றுகோலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். கட்டிலுக்கடியில் ஈயோடு போராடிக்கொண்டிருந்த கடுவன், மண் வழியாக வந்த அந்த அதிர்வை வயிற்றால் உணர்ந்து, எழுந்து, உடம்பை நீட்டி நெளித்துக்கொண்டு அவர் காலடிக்கு வந்து நின்றது. இரண்டு வருஷமாக அவர் அதைச் சாப்பிடக் கூப்பிடுவது இப்படித்தானாம். வாயால் கூப்பிட்டு வராததால், தம்மை அறியாமலே பழகிக்கொண்டது.