காந்தம் அசைந்தாலும் சுருள் அசைந்தாலும்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில், 1387இல் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபம் இன்றும் நிற்கிறது. அன்று அங்கே எழுந்த பாட்டு எதுவும் நமக்கு எட்டாது. 1877இல் எடிசன் போனோகிராஃபைச் செய்த பிறகுதான் குரலைப் பிடித்துவைக்க வழி பிறந்தது. காஞ்சிபுரம் தனகோடி அம்மாளின் குரல் இசைத்தட்டில் இருப்பது அதனால்தான்.

அந்தக் கால கிராமஃபோனுக்கு மின்சாரம் வேண்டாம். ஊசியின் அதிர்வு ஒரு மெல்லிய தகட்டை அசைக்க, குழல் வழியே ஒலி வரும். பின்னால் வந்த மின் கருவிகளில் ஊசிக்கு மேலே ‘கார்ட்ரிட்ஜ்’ என்ற சிறு தலை உண்டு. தரமான தலைகளுக்குள் நடப்பது, நாம் ஒன்பதாம் வகுப்பில் நடத்தும் மின்காந்தத் தூண்டலே.

காந்தத்தை அசைத்தாலும் சுருளை அசைத்தாலும் மின்னோட்டம் தூண்டப்படும் என்று மாணவர் எழுதினால் முழு மதிப்பெண் தருகிறோம். “இரண்டும் ஒன்றுதான் என்றால் ஏன் சார் இரண்டு விதமாகச் செய்கிறார்கள்?” என்று ஒரு பிள்ளை கேட்டால்? சைக்கிள் டைனமோவில் காந்தம் சுழல்கிறது. காலை வழிபாட்டுக் கூட்ட மைக்கில் பெரும்பாலும் சுருள் அசைகிறது. கேள்வி நியாயமானதே. ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டுச் சார்பியல் கட்டுரைகூடக் காந்தம், கடத்தி இரண்டில் எது அசைகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறது.

நகரும் காந்த வகைத் தலையில் ஊசித்தண்டின் மறுமுனையில் சிறு காந்தம் இருக்கும். சுருள் அசையாது, அதனால் அதன் எடை ஊசிக்குச் சுமையில்லை, நிறையச் சுற்றுகள் சுற்றலாம். கிடைப்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். நகரும் சுருள் வகையில் காந்தம் நிலையாக இருக்க, சுருள் தண்டோடு சேர்ந்து ஆடும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஊசி விநாடிக்கு 20,000 முறை திசை திரும்ப வேண்டும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இது எளிதில் விளங்கும்: கனத்த நாடா சட்டென்று திரும்பாது. ஆகவே முடியைப் போன்ற மெல்லிய கம்பியில் சில சுற்றுகளே சுற்ற முடியும். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. ஜப்பானிய வானொலி நிறுவனமான என்.எச்.கே.யும் டெனானும் சேர்ந்து உருவாக்கிய டி.எல்.103 தருவது 0.3 மில்லிவோல்ட்தான். அதை உயர்த்த ஏற்று மின்மாற்றியோ கூடுதல் பெருக்கியோ வேண்டும்.

செலவுக்கு ஈடாக, லேசான சுருள் இசைத்தட்டுப் பள்ளத்தின் நுண்ணிய நெளிவையும் பின்தொடரும். ஆனால் ஊசி தேய்ந்தால் பொதுவாகத் தலையையே மாற்ற வேண்டும். காந்த வகையில் ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம். என்னைக் கேட்டால் வீட்டுக்குக் காந்த வகையே போதும்.

வகுப்பில் காட்ட இசைத்தட்டுக் கருவி தேவையில்லை. கால்வனோமீட்டர், சட்டக்காந்தம், காப்பிட்ட தாமிரக் கம்பி போதும். ஒரே அளவு குழாயில் 20 சுற்று, 200 சுற்று என இரண்டு சுருள்கள் செய்யுங்கள். காந்தத்தை ஒரே வேகத்தில் நுழைத்து முள்ளின் விலகலை ஒப்பிடச் சொல்லுங்கள். பிறகு காந்தத்தை நிறுத்திவைத்துச் சுருளை அசைக்கட்டும். கடைசியாக, இரண்டு சுருள்களையும் முடிந்த மட்டும் வேகமாக முன்னும் பின்னும் ஆட்டட்டும். எது சீக்கிரம் திரும்புகிறது என்று கையே சொல்லிவிடும். அப்போது முள் விலகாமல் நடுவிலேயே நடுங்கும். சோதனை தவறிவிட்டது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். கால்வனோமீட்டரைத் திறந்து காட்டுங்கள்: உள்ளே முள்ளைத் தாங்கி அசைவதும் ஒரு சுருள்தான், அதற்கும் எடை உண்டு.