இந்த வயசுல கோலியா சார்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. புதுச்சேரி கடற்கரைச் சாலை. தொப்பையைக் குறைக்க நடந்துகொண்டிருந்த நான், தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணலில் இறங்கி, குனிந்து ஒரு பொருளை எடுத்தேன்.

"இன்னா சார், இந்த வயசுல கோலியா?" என்றார் கூட வந்த ஆபீஸ் நண்பர்.

கோலி இல்லை. சாம்பல் நிறம், பளபளப்பு, உடம்பெல்லாம் நூல் சுற்றின மாதிரி மெல்லிய கோடுகள். கழற்சிக்காய்! சின்ன வயசில் தரையில் 'சரசர'வென்று தேய்த்து, பக்கத்துப் பையன் தொடையில் சூடு வைத்திருப்பீர்களே, அதேதான்.

"யாராச்சும் நாட்டு மருந்துக் கடையில வாங்கித் தவற விட்டிருப்பாங்க."

நியாயமான சந்தேகம். எங்கிருந்து வந்தது என்று காய் சொல்லாது. ஆனால் கடலில் வரக்கூடிய ஆசாமிதானா என்று பார்த்துவிடலாமே! டீக்கடை டம்ளர் தண்ணீரில் போட்டேன். (கடைக்காரர் முறைத்தார்.) மிதந்தது! உள்ளே பருப்புக்கு நடுவில் காற்று. வெளியே கல் மாதிரி ஓடு. மாதக்கணக்கில் உப்புத் தண்ணீரில் கிடந்து கரை ஒதுங்கினாலும் முளைக்கும்.

இதற்கு நேர் எதிர், கடல் தேங்காய். அந்தக் காலத்தில் இந்தியா, மாலத்தீவுக் கரைகளில் எப்போதாவது ஒதுங்கும். மரத்தைக் கண்டவர் இல்லை. கடலுக்கடியில் காய்க்கிறது என்று கதை கட்டினார்கள், விலை எகிறியது. 1768-ல் செஷல்ஸின் பிராலின் தீவில் பிரெஞ்சுக்காரர்கள் மரத்தையே கண்டுபிடித்தார்கள். மறு வருஷமே கப்பல் நிறைய ஏற்றி இந்தியாவுக்குக் கொண்டுவர... விலை தொபுக்கடீர்! (பி.காம். முதல் வருஷப் பாடம்.) இன்னொரு வேடிக்கை: உயிருள்ள கடல் தேங்காய் கனத்தில் மூழ்கிவிடும். உள்ளே அழுகிக் காலியானதுதான் மிதக்கும். ராஜாக்கள் காசைக் கொட்டி வாங்கியது வெறும் கூடு! ஓசியில் கிடைக்கிற கழற்சிக்காய்தான் உயிரோடு வருகிறது.

வந்தால் போதுமா? தங்க இடம் வேண்டாமா? 1980-களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் போட்டார்கள். வடக்கே போகவேண்டிய மணல் அங்கேயே மாட்டிக்கொண்டது. நகரத்துக் கடற்கரை கரைந்து, கருங்கல் குவியல்தான் மிச்சம். கல்லில் மோதுகிற விதை எங்கே முளைக்கும்? 2018-ல் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி, செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் பிரமாண்டமான இரும்பு ஆப்பு ஒன்றை இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்து, மணல் கொஞ்சம் திரும்பி வந்தது. நான் குனிந்தது அந்த மணலில்தான்.

அடுத்த ஞாயிறு. நண்பர் எனக்கு முன்பே வந்துவிட்டார். குனிந்த தலை நிமிரவில்லை.

"என்ன சார், கோலியா?" என்றேன்.

"சும்மா இருங்க சார்... மிதக்குதான்னு பார்க்கணும், டம்ளர் கொண்டாந்திருக்கேன்!"