மலை முகாம்: திரும்பும் நேரத்தை முதலில் எழுதுங்கள்

கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவியைக் காண ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவர்கள் 32 பேருடன் அங்கு சென்றோம். பாதி வழியில் வானம் இருண்டது. "திரும்பிவிடலாம்" என்றேன். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பார்த்துவிட்டே போகலாம்" என்றார் உடன் வந்த ஆசிரியர். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சிலர் கீழே இறங்கினர்; சிலர் மேலே ஏறினர். எல்லோரும் மேலே வந்தபின் எண்ணினால் 31 பேர்தான். கால் வலித்துப் படியோரம் அமர்ந்துவிட்ட மாணவியைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நாற்பது நிமிடத்தை என்னால் மறக்க இயலவில்லை.

உணவு, வாகனம், தங்குமிடம், போர்வை என எல்லாவற்றையும் திட்டமிட்டிருந்தோம். எப்போது திரும்புவது, அதை யார் சொல்வது என்பதை மட்டும் முடிவு செய்யவில்லை.

நேரக் கணக்கு

ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் நெய்ஸ்மித் 1892-ல் ஓர் எளிய கணக்கைத் தந்தார். 5 கி.மீ. நடைக்கு ஒரு மணி நேரம். 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். 6 கி.மீ. தூரமும் 300 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு 1 மணி 42 நிமிடம் ஆகும். இது நன்கு நடப்பவர்களுக்கான கணக்கு. மாணவர் குழுவுக்கு நான் இதில் பாதியைக் கூட்டிக்கொள்கிறேன். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் வரும். திரும்பி வரவும் அதே நேரம் எனக் கொண்டால், மாலை 4 மணிக்கு முகாமில் இருக்க, பகல் 1.30-க்குத் திரும்பியாக வேண்டும். இக்கணக்கை மாணவர்களையே வகுப்பில் போடச் செய்யலாம். சிகரத்துக்குச் செல்லும்போது கடினமான பாதி முதலில் வரும். அருவிக்கு இறங்கும்போது அது கடைசியில், களைத்த கால்களுக்கு வரும். இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

புறப்படும் முன்

• பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், துறை அனுமதி, காட்டுப் பாதை எனில் வனத்துறை அனுமதி ஆகியவற்றைப் பெறவும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் காட்டுப் பாதைகளைத் தவிர்ப்பது நல்லது.

• கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வயிறு நிறைய உண்டவுடன் ஏற வேண்டாம். பகலிலேயே ஏறி இறங்கவும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் குறைந்த கியரில் வரும் ஓட்டுநரே வேண்டும்.

• மண் பாதையில் ஜீப்பில் செல்வதானால் இருக்கைக்கு ஒருவர் மட்டுமே; நின்று பயணிக்கக் கூடாது. மழைக்குப் பின் அப்பாதை வேண்டாம்.

• 1000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும். ஒவ்வொருவருக்கும் கம்பளி உடை தேவை.

• வறண்ட ஓடையின் மணலில் கூடாரம் அமைக்கக் கூடாது. நமக்குத் தெரியாத தொலைவில் பெய்யும் மழை அங்கே வெள்ளமாக வரும்.

• இருவர் இருவராக இணை சேர்க்கவும். முன்னால் ஓர் ஆசிரியர், கடைசியில் ஓர் ஆசிரியர். கடைசி ஆசிரியரை யாரும் பின்னால் விடக் கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ணவும்.

திரும்பும் நேரம், திரும்பச் சொல்லும் ஆசிரியரின் பெயர் இரண்டையும் ஒரு தாளில் எழுதி மாணவர்களுக்கு முன்கூட்டியே படித்துக் காட்டுங்கள். களைப்பும் ஆசையும் சேர்ந்த இடத்தில் விவாதிக்க இயலாது.

அடுத்த ஆண்டும் அதே படிகளில் இறங்கினோம். அன்றும் மேகம் கூடியது. தாளில் எழுதியபடி பாதியில் திரும்பினோம். ஒரு மாணவன் கோபத்தில் மாலைவரை என்னுடன் பேசவில்லை. "அருவியைப் பார்க்கவில்லை" என்று மட்டும் பயண அறிக்கையில் எழுதியிருந்தான். மேலே வந்து எண்ணியபோது எல்லோரும் இருந்தனர்.