கட்சிக் கொடியில்லாத் தலைவருக்கு ஒரு விண்ணப்பம்

ஆகஸ்டு 15. காமநாயக்கன்பட்டியில் விண்ணேற்பு அன்னையின் பெருவிழா. வீரமாமுனிவர் பணியாற்றிய அத்திருத்தலத்தை நாடிக் கரிசல் காட்டின் நாலா திசைகளிலிருந்தும் மக்கள் திரள்கின்றனர். அதே நாளில் நம் ஊர்களில் இன்னொரு கூட்டமும் நடைபெறுகின்றது. அதுதான் கிராம சபை. முதற் கூட்டத்திற்குக் குடும்பத்தோடு செல்லும் நாம், இரண்டாவது கூட்டம் ஒன்று உண்டு என்பதையே மறந்துவிடுகிறோம்.

அந்த மறதிக்கு நம் பிள்ளைகள் விலை கொடுக்கின்றனர்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. நகரத்துப் பிள்ளைகள் கைப்பேசியில் பாடம் கேட்டனர். மானாவாரிச் சிற்றூர்களிலோ, அலைவரிசை கிடைக்கும் இடம் தேடி மாடியிலும் மேட்டிலும் மாணவர் அலைந்தனர். கைப்பேசியே இல்லாத வீடுகள் எத்தனை! தொற்று தணிந்தது; குறை தணியவில்லை. கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை, வேலைவாய்ப்பு யாவும் இன்று இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. ஒரு விண்ணப்பத்திற்காகத் தீப்பெட்டி ஆலைக் கூலியை இழந்து மகளுடன் கோவில்பட்டிக்குப் பேருந்து ஏறும் தாய்க்கு, இணையம் ஆடம்பரம் அன்று. 2019இல் கேரள உயர்நீதிமன்றமும், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் ஒரு கூறே என்று தீர்ப்பளித்தது.

சுயேச்சையின் வலிமை

நம் மாநிலத்தில் ஊராட்சி ஒன்றிய உறுப்பினர் தேர்தல் கட்சிச் சின்னங்களில் நடைபெறும். ஆனால் கிராம ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சி சார்பற்றே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். 2019 டிசம்பரில் நம் மாவட்டத்தில் அவ்வாறு தேர்வு பெற்றோரின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் நிறைவுற்றது. எவர் எப்போது அந்நாற்காலியில் அமர்ந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் சுயேச்சையே. எந்தக் கட்சிக் கொறடாவும் அவருக்குக் கட்டளையிட முடியாது. அவரைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கே உண்டு.

தனி மனிதர் ஒருவரால் என்ன ஆகும் என்று கேட்போர் ஆஸ்திரேலிய நாட்டைப் பார்க்கட்டும். 2010 ஆகஸ்டுத் தேர்தலில், 150 இடங்களில் இரு பெரும் அணிகளும் தலைக்கு 72 பெற்று நின்றன. ஆட்சியை முடிவு செய்யும் பொறுப்பு ஒரு சிலர் கையில் வந்தது. அவர்களுள் நாட்டுப்புறத் தொகுதிகளின் சுயேச்சை உறுப்பினர்களான டோனி வின்ட்சர், ராப் ஓக்‌ஷாட் இருவரும் பதினேழு நாட்கள் ஆராய்ந்து, ஜூலியா கில்லார்டு அம்மையாரின் தொழிற்கட்சியை ஆதரித்தனர். நாட்டுப்புறங்களுக்கும் கண்ணாடி இழை இணையம் எட்ட வேண்டும் என்பதே வின்ட்சர் கூறிய முதன்மையான காரணங்களுள் ஒன்று. தம் தொகுதி மக்களின் தேவையை அறிந்திருந்ததால் அவரால் அவ்வாறு பேரம் பேச முடிந்தது. நம் தலைவர்களுக்கு நம் தேவையை நாம் சொல்லியிருக்கிறோமா?

நாம் கேட்க வேண்டியவை

தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் கேட்கிறோம். கல்லறைத் தோட்டத்திற்குப் பாதை கேட்கிறோம். அவை வேண்டியவையே. அவற்றோடு இவற்றையும் கேட்போம்.

பாரத்நெட் திட்டத்தின் வழியே தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைப்பதே அரசின் நோக்கம். கம்பியின் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாகவே வருகின்றது. கருவிகளோ ஊராட்சியின் சேவை மையத்திலோ வேறோர் அரசுக் கட்டடத்திலோ வைக்கப்படுகின்றன. அந்த அறைக்கு மின்சாரம் தடையின்றிக் கிடைக்கிறதா? கம்பி அறுந்தால் உடனே முறையிடுவோர் உண்டா? அங்கிருந்து பள்ளிக்கும் நூலகத்திற்கும் இணைப்பு நீள்கிறதா? இவற்றைக் கண்காணிக்க ஊராட்சித் தலைவரால் முடியும். அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை, அக்கறை வேண்டும்.

அடுத்தது பள்ளி. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. ஆசிரியர் பணியிடம் காலியாக உள்ளதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று அங்கே கேட்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: நம் ஆர்.சி. பள்ளிக்கு மட்டும் கேட்பது கிறிஸ்தவப் பண்பு ஆகாது. ஒன்றியப் பள்ளியில் பயிலும் பிள்ளையும் இறைவனின் பிள்ளையே. அருகிலுள்ள எட்டயபுரத்தில் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த காமராஜர், பசித்த பிள்ளைகளைச் சாதி, சமயம் பார்த்துப் பிரிக்கவில்லை.

நம் கடமை

அரசியல் அசுத்தம் என்று ஒதுங்குவது பக்தி அன்று. பொதுநலனைக் கருதி வாக்களிப்பது குடிமக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கற்பித்தது. அரசியல் உயரிய அழைத்தல், அது அன்பின் ஒரு வடிவம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2020ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எழுதினார். வாக்குக்குப் பணம் பெற்ற கை, பின்னர் விண்ணப்பத்தை நீட்டும்போது நடுங்கும். தலைவரும், கொடுத்ததைக் கொடுத்தாயிற்று என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இணையம் வந்தபின் பெற்றோரின் பொறுப்பு குறையாது, கூடும். பிள்ளை எதைப் பார்க்கிறது என்று கவனிப்பதும், இரவு செபமாலை நேரத்தில் கைப்பேசியை ஒதுக்கிவைப்பதும் வீட்டின் வேலை, ஊராட்சியின் வேலையன்று.

நற்செய்தியில் வரும் அந்தக் கைம்பெண்ணை நினைவுகூர்வோம். கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத நடுவரிடம் அவள் ஒருமுறை சென்று திரும்பிவிடவில்லை. ஓயாது சென்றாள், நீதி பெற்றாள். கிராம சபை குடியரசு நாள், தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் முதல் நாள் என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகின்றது. ஆறு முறையும் செல்வோம். நம் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதச் செய்வோம். எழுதியதை வாசிக்கக் கேட்டபின் கையொப்பமிடுவோம்.

வரும் ஆகஸ்டு 15 அன்று அன்னையின் தேரைக் காணச் செல்லுமுன், வீட்டுக்கு ஒருவராவது சபையில் அமர்வோமா? கரிசல் மண் ஒரு மழையைக்கூட வீணாக்குவதில்லை. நாமும் ஒரு சபையைக்கூட வீணாக்காதிருப்போம்.