செங்கண்மாரியும் மலத்தின் நிறமும்

செங்கண்மாரி கண்டதும் யாழ்ப்பாணத்து இல்லங்களிற் பலர் தேடுவது கீழ்க்காய்நெல்லியை. அதனைப் பழிப்பது எமது நோக்கமன்று. ஈரலழற்சி 'பி' கிருமியை அது பலரிடத்தில் அகற்றியதென 1988இற் சென்னை ஆய்வாளர் அறிவித்தனர். பிந்திய ஆய்வுகள் அதனை உறுதிசெய்யவில்லை. அது நிற்க. செங்கண்மாரி தனியொரு நோயன்று. பல நோய்களின் அடையாளம்.

கண்ணின் வெண்மையைப் பகலொளியிற் பாருங்கள். (பப்பாசிப்பழம் மிகுதியாக உண்டவர்க்கு உள்ளங்கை மஞ்சளிக்கும், கண் மஞ்சளியாது.) அடுத்து மலத்தைக் கவனியுங்கள், கூச்சம் வேண்டாம். அதற்கு நிறமூட்டுவது பித்தமே. சிறுநீர் தேயிலைச் சாயம்போற் கறுத்து, மலம் களிமண்போல் வெளுத்து, உடலும் அரிக்குமாயின் பித்தக்கான் அடைபட்டிருக்கலாம். வலது விலாவின்கீழ் நோவும் குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே வைத்தியசாலை செல்க. கல் அடைத்துச் சீழ்ப்பிடித்திருக்கக்கூடும். நோவேயின்றி முதியவர் மெலிந்து மஞ்சளித்தாற் சதையியிற் கட்டியோவென ஐயுறல் வேண்டும். இவ்வடைப்புகளை மூலிகை நீக்காது. ஸ்கான் செய்தாற் புலப்படும்.

தாய்மாருக்கு ஒரு சொல். பிறந்து இரு வாரங் கடந்தும் மஞ்சள் மாறாத சிசுவின் மலம் வெளுத்திருப்பின், இளவெயிலிற் கிடத்திக் காத்திராதீர்கள். பித்தக்கான் அடைபட்ட சிசுவுக்கு, ஜப்பானிய வைத்தியர் கசாய் 1959இல் வெளியிட்ட சத்திரசிகிச்சை உண்டு. அறுபது நாட்களுக்குள் செய்தாலே பயன் மிகுதி.