மின்சாரம் பாடிய பாட்டு!

ஜெர்மனியில் பிறந்த இசைத்தட்டுகள், அமெரிக்க ஏழை வாலிபர்களை ஆட வைத்த கதை

கார் கதவு "படார்" என்று சாத்தப்படுகிறது. என்ஜின் உறுமுகிறது. ஹாரன் ஒலிக்கிறது. கார் புறப்பட்டு விட்டது!

இது சினிமாக் காட்சி அல்ல. ஓர் இசைத்தட்டின் ஆரம்பம். தட்டின் மேல் முள்ளை வைத்ததும் முதலில் கேட்பது இந்தச் சத்தம்தான். பிறகு 22 நிமிஷத்துக்கு மேல் ஒரே பாட்டு. தட்டின் ஒரு பக்கம் முழுவதும் அந்தப் பாட்டுத்தான்.

தட்டின் பெயர் "ஆட்டோபான்". ஜெர்மன் மொழியில் அதற்கு "மோட்டார் நெடுஞ்சாலை" என்று பொருள். 1974-ம் ஆண்டு நவம்பரில் அது வெளிவந்தது. அதை உண்டாக்கியவர்கள் "கிராப்ட்வெர்க்" கோஷ்டியார். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? "மின்சார உற்பத்தி நிலையம்"!

பெயர் பொருத்தமானதுதான். அவர்களுடைய சங்கீதம் மின்சாரத்தில் பிறந்தது.

இரண்டு நண்பர்கள்

ஜெர்மனியில் ரைன் நதிக் கரையில் டூசல்டார்ப் என்ற நகரம் இருக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தில் குண்டு வீச்சுக்கு ஆளாகி, பிறகு தலைநிமிர்ந்த தொழில் நகரம் அது.

ரால்ப் ஹூட்டர் 1946-ல் பிறந்தவர். ஆர்கன் வாசிப்பார். புளோரியன் ஷ்னைடர் 1947-ல் பிறந்தவர். புல்லாங்குழல் வாசிப்பார். சங்கீதம் படிக்கும்போது இருவரும் நண்பர்கள் ஆனார்கள். 1970-ல் கோஷ்டியைத் தொடங்கினார்கள்.

அந்தக் காலத்து ஜெர்மன் வாலிபர்கள் பெரும்பாலும் இங்கிலாந்துப் பாட்டும் அமெரிக்கப் பாட்டும் கேட்டு வளர்ந்தவர்கள். "நம் ஊர் ஓசை எங்கே?" என்று இந்த நண்பர்கள் தேடினார்கள். நெடுஞ்சாலை, ரயில், ரேடியோ, தொழிற்சாலை இவைதான் தங்கள் ஊரின் ஓசை என்று கண்டார்கள்.

அந்த ஓசையை எழுப்ப "சிந்தசைசர்" என்ற யந்திரத்தை வாங்கினார்கள். அதற்குத் தந்தியும் கிடையாது, தோலும் கிடையாது. மின்சாரத்தைக் கொண்டே ஒலியை உண்டாக்கும். மத்தளத்துக்குப் பதிலாக உலோகத் தகடுகளைப் பொருத்தினார்கள். உலோகக் குச்சியால் தட்டினால் மின்சார இணைப்பு ஏற்பட்டு ஓசை கிளம்பும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் "கிளிங் கிளாங்" என்று ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தையும் அமைத்துக் கொண்டார்கள்.

தட்டு எப்படிப் பாடுகிறது?

இசைத்தட்டை உற்றுப் பாருங்கள். வட்டம் வட்டமாகக் கோடுகள் தெரியும். உண்மையில் அவை பல கோடுகள் அல்ல. வெளி ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுருண்டு போகும் ஒரே பள்ளம்தான்.

அந்தப் பள்ளத்தின் சுவர்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும். தட்டு சுழலும்போது முள் அதில் உரசி அதிரும். அந்த அதிர்ச்சி மின்சாரமாக மாறி, ஒலிபெருக்கி வழியாகப் பாட்டாக வெளிவரும்.

பழைய கிராமபோன் தட்டு நிமிஷத்துக்கு 78 தடவை சுற்றும். ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிஷப் பாட்டுத்தான் அடங்கும். 1948-ல் அமெரிக்காவில் நீண்ட நேரம் பாடும் வினைல் தட்டு வந்தது. அது நிமிஷத்துக்கு 33⅓ தடவைதான் சுற்றும். பள்ளமும் மிகவும் நுணுக்கமானது. ஒரு பக்கம் இருபது நிமிஷத்துக்கு மேல் பாடும். இப்படி ஒரு தட்டு இல்லையென்றால், "ஆட்டோபான்" பாட்டை நிறுத்தாமல் ஒரே மூச்சில் கேட்டிருக்க முடியாது.

அமெரிக்கர்கள் அந்தப் பாட்டைச் சுமார் மூன்றரை நிமிஷமாகச் சுருக்கி, சின்னத் தட்டாக வெளியிட்டார்கள். 1975-ல் அது அமெரிக்கப் பாட்டு வரிசையில் 25-வது இடத்தைப் பிடித்தது. ஜெர்மன் மொழிப் பாட்டுக்கு இது பெரிய வெற்றி!

பின்பக்கம் முந்தியது!

இங்கிலாந்தில் ஒரு வேடிக்கை நடந்தது.

1981-ல் அங்கே ஒரு சின்னத் தட்டு வந்தது. முன்பக்கம் புதுப் பாட்டு. பின்பக்கம் 1978-ல் வந்த "மாடல்" என்ற பழைய பாட்டு. ரேடியோக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். பழைய பாட்டையே ஒலிபரப்பினார்கள். மக்களுக்கும் அதுதான் பிடித்தது. கம்பெனி அந்தப் பாட்டை முன்பக்கமாக்கி மறுபடியும் வெளியிட்டது. 1982 பிப்ரவரியில் அது இங்கிலாந்தில் முதலிடம் பெற்றது!

ஏழைகளின் ஆட்டம்

இதைவிட அதிசயம் நியூயார்க்கில் நடந்தது.

அந்த நகரில் பிராங்ஸ் என்று ஒரு பகுதி. 1970-களில் அங்கே வறுமை தாண்டவமாடியது. தீப்பிடித்து எரிந்த கட்டிடங்கள் தெருத் தெருவாக நின்றன. அங்கே இருந்த கறுப்பின வாலிபர்களிடம் வாத்தியம் வாங்கப் பணம் இல்லை. ஆனால் தட்டுகள் இருந்தன.

இரண்டு ரிக்கார்டு பிளேயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். இரண்டிலும் ஒரே பாட்டுத் தட்டைப் போடுவார்கள். ஆட்டத்துக்கு ஏற்ற தாளம் ஒரு தட்டில் முடியும்போது, அதே தாளத்தை இன்னொரு தட்டில் தொடங்குவார்கள். அதற்குள் முதல் தட்டைக் கையால் பின்னுக்குத் திருப்பி விடுவார்கள். தாளம் நிற்கவே நிற்காது! பாடும் பெட்டியே அவர்களுக்கு வாத்தியம் ஆகிவிட்டது.

ஆப்பிரிக்கா பம்பாட்டா என்பவர் இப்படித் தட்டுப் போடுவதில் பெயர் பெற்றவர். அவர் விரும்பிப் போட்ட தட்டுகளில் ஒன்று, கிராப்ட்வெர்க் 1977-ல் வெளியிட்ட "டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்". ஐரோப்பிய ரயிலைப் பற்றிய பாட்டு அது. தண்டவாளத்தின் தடதடப்பு அதில் கேட்கும்.

1982-ல் பம்பாட்டாவும் நண்பர்களும் அந்த மெட்டைப் புதிதாக வாசித்து, "பிளானட் ராக்" என்ற தட்டை வெளியிட்டார்கள். அது எங்கும் பரவியது. மெட்டுக்காகப் பிற்பாடு கிராப்ட்வெர்க் கோஷ்டிக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

கார்த் தொழிலுக்குப் பெயர் போன டெட்ராய்ட் நகரிலும் ரேடியோவில் இந்த ஜெர்மன் தட்டுகள் ஒலித்தன. அவற்றைக் கேட்டு வளர்ந்த கறுப்பின இளைஞர்கள் "டெக்னோ" என்ற புதிய ஆட்ட இசையைப் படைத்தார்கள்.

"யந்திரப் பாட்டுக்கு உயிர் இல்லை" என்று குறை சொன்னவர்கள் உண்டு. டூசல்டார்ப்பில் யந்திரம் எழுப்பிய ஓசை, பிராங்ஸில் வேர்வை சிந்த ஆடியவர்களின் ஓசையாக மாறியதே! அதற்கு அவர்கள் என்ன பதில் சொல்வார்கள்?

இரண்டு வினாடி வழக்கு

தட்டில் பதிந்த ஓசை யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வி கோர்ட்டுக்கும் போயிற்று.

கிராப்ட்வெர்க்கின் 1977-ம் ஆண்டுப் பாட்டு ஒன்றிலிருந்து சுமார் இரண்டே வினாடித் தாளத்தை எடுத்து, ஜெர்மனியில் 1997-ல் வெளியான ஒரு பாட்டில் திரும்பத் திரும்ப ஒலிக்க விட்டார்கள். இது புதிதாக வாசித்தது அல்ல. பதிவான ஒலியையே அப்படியே எடுத்தது. ஹூட்டரும் ஷ்னைடரும் வழக்குத் தொடர்ந்தார்கள்.

வழக்கு இருபது ஆண்டுகளையும் தாண்டியது. 2016-ல் ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம், "கலைஞனின் சுதந்திரத்தையும் கவனிக்க வேண்டும்" என்றது. 2019-ல் ஐரோப்பிய நீதிமன்றம், "துண்டு சின்னதானாலும் அனுமதி வேண்டும், காதுக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றினால் தேவையில்லை" என்றது.

உழைத்துச் செய்தவனுக்கு உரிமை வேண்டாமா? வேண்டும். ஆனால் கையில் காசில்லாத பிள்ளைகள் பிறர் தட்டைச் சுழற்றியதால்தானே புது இசை பிறந்தது? அதுவும் நியாயம்தான். நீதிபதிகளே திணறியதில் ஆச்சரியம் இல்லை!

மறைந்த மூன்று தட்டுகள்

2009-ல் கோஷ்டியார் தங்கள் எட்டுத் தட்டுகளைச் செப்பனிட்டு மறுபடி வெளியிட்டார்கள். "ஆட்டோபான்"தான் அந்த வரிசையில் முதலாவது. அதற்கு முன் வந்த மூன்று தட்டுகளை அவர்கள் சேர்க்கவில்லை. பழைய தட்டுச் சேகரிப்பவர்கள் அந்த மூன்றையும் தேடி அலைவதற்கு இதுவே காரணம்.

ஷ்னைடர் 2020-ல் காலமானார். மறு ஆண்டு அமெரிக்காவின் "ராக் அண்ட் ரோல்" கௌரவ மண்டபத்தில் கிராப்ட்வெர்க்கின் பெயர் சேர்க்கப்பட்டது. தங்களுக்குப் பின் வந்தவர்களுக்கு வழிகாட்டியவர்கள் என்பதற்காகவே அந்த மரியாதை. அந்த வழியை முதலில் கண்டுகொண்டவர்களில், பிராங்ஸில் கையால் தட்டைத் திருப்பிய பிள்ளைகளும் உண்டு.