பரணிலிருந்து இறக்கிய பனிச்சறுக்குப் பலகை

பனிச்சறுக்கு என்றதும் நம்மில் பலருக்குத் திரைப்படத்தில் கண்ட காட்சிதான் நினைவுக்கு வரும். ஆல்ப்ஸ் மலை நாடுகளிலோ அது குளிர்கால வாழ்க்கையின் ஒரு கூறு. இக்கட்டுரையின் பொருட்டு, வாசகரே, நீங்களும் அங்கு வாழ்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரியாவில் ஒரு மலைச் சிற்றூர். 1985-ஆம் ஆண்டு வரை குளிர்காலம் தோறும் சரிவுகளில் சறுக்கி வந்தீர்கள். பிறகு தொழில், குடும்பம், குழந்தைகள் என்று ஆண்டுகள் ஓடிவிட்டன. வயது அறுபதைத் தாண்டிய பின் பழைய ஆசை தலைதூக்குகிறது. பரணில் கிடந்த பலகைகளை இறக்கித் தூசி தட்டிப் பார்க்கிறீர்கள். வண்ணம் கூட மங்கவில்லை. இவற்றை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகலாமா?

இதற்கு விடை காண, பலகை, அதன்மேல் உள்ள பூட்டு, காலணி ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆராய வேண்டும். மூன்றும் ஒரே நாளில் வாங்கியவையாக இருக்கலாம். ஆனால் முதுமை மூன்றையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை.

முதலில் பலகை. உங்கள் உயரம் 175 சென்டிமீட்டர் என்றால், அக்காலத்தில் உங்களுக்குக் கொடுத்த பலகையின் நீளம் 200 சென்டிமீட்டருக்குக் குறைந்திராது. கையை மேலே உயர்த்தி, மணிக்கட்டு வரை அளந்து கொடுப்பது அன்றைய வழக்கம். இன்று கடைக்குச் சென்றால், 160 முதல் 170 சென்டிமீட்டர் வரையுள்ள பலகையை எடுத்து நீட்டுவார்கள். சிறுவர்களுக்கு உரியதைத் தவறிக் கொடுத்துவிட்டார்களோ என்று உங்களுக்கு ஐயம் எழும். தவறு ஒன்றும் இல்லை. அதன் உருவத்தைக் கூர்ந்து நோக்குங்கள். உடுக்கையை இழுத்து நீட்டியது போல, இரு முனைகளும் அகன்று, இடை ஒடுங்கி இருக்கும். உங்கள் பழைய பலகையிலும் இடை ஒடுக்கம் உண்டு; ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவே உண்டு.

இந்த ஒடுக்கத்தில்தான் பலகை திரும்பும் இரகசியம் அடங்கியிருக்கிறது. பலகையின் பக்க விளிம்பு நேர்கோடு அன்று; ஒரு பெரிய வட்டத்தின் சிறு வில் அது. பலகையைச் சாய்த்து விளிம்பின் எஃகுப் பட்டையைப் பனியில் அழுத்தினால், பலகை வளைந்து, அந்த வில்லின் வழியே ஓடும். சைக்கிளைச் சாய்த்தால் அது தானே திரும்புகிறதல்லவா? ஏறத்தாழ அதுபோல. வட்டத்தின் ஆரத்தை நீங்களே கணக்கிடலாம். பள்ளியில் படித்த நாணும் வில்லும் போதும். பனியைத் தொடும் நீளத்தை நாணாகக் கொள்ளுங்கள். அதைத் தன்னாலேயே பெருக்கி, ஒடுக்கத்தின் ஆழத்தைப்போல் எட்டு மடங்கால் வகுத்தால் ஆரம் கிடைக்கும்.

பழைய பலகையில் நாண் 1.8 மீட்டர், ஒடுக்கத்தின் ஆழம் 8 மில்லிமீட்டர் என்று கொள்வோம். ஆரம் ஏறக்குறைய 50 மீட்டர். புதிய பலகையில் நாண் 1.45 மீட்டர், ஆழம் 22 மில்லிமீட்டர். ஆரம் 12 மீட்டர்தான்! இதுவும் பலகையைச் சற்றே சாய்க்கும்போது உள்ள அளவு. கெட்டிப் பனியில் பலகையை 60 பாகை சாய்த்தால் ஆரம் ஏறத்தாழ பாதியாகிவிடும். பழையது 25 மீட்டர், புதியது 6 மீட்டர். ஐம்பது மீட்டர் வட்டத்தில் திரும்புவதற்குச் சரிவில் இடம் ஏது? ஆகவேதான் நீங்கள் அன்று உடலை மேலே எழுப்பி, பலகையின் மீதுள்ள பாரத்தைக் கணநேரம் நீக்கி, கால்களால் பலகையைத் திருகி, பின்பகுதியைப் பக்கவாட்டில் வழுக்க விட்டுத் திரும்பினீர்கள். அந்தத் திறமை பல ஆண்டுகள் உழைத்துப் பெற்றது.

இடை ஒடுக்கம் ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு அன்று. நார்வேயின் டெலிமார்க் பகுதியில், மோர்கடால் என்ற சிற்றூரில் 1825-இல் பிறந்த சோந்ரே நூர்ஹெய்ம் என்ற ஏழைக் குடியானவர் இடை ஒடுங்கிய பலகைகளைப் பயன்படுத்தினார். 1868-இல் தலைநகரில் நடந்த போட்டியில் நகரத்தாரை வியக்க வைத்தார். அப்படியிருந்தும் ஆழ்ந்த ஒடுக்கம் பரவ 1990-களைத் தொட வேண்டியதாயிற்று. அகன்ற முனையைச் சாய்த்து அழுத்தினால் அது முறுக்கிக்கொண்டு நழுவப் பார்க்கும். முறுக்கத்தைத் தாங்கும் உறுதி தேவை. விமானத் தொழிற்சாலையில் பணியாற்றிய ஹோவர்ட் ஹெட் என்ற அமெரிக்கர் 1950-ஆம் ஆண்டையொட்டி அலுமினியத் தகடுகளுக்கிடையே மரத்தை வைத்து ஒட்டிய பலகையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பின்னர் கண்ணாடி இழையும் வந்தது. ஆகவே பொருள்கள் கிடைத்தே இருந்தன. பந்தய வீரர்கள் நீண்ட பலகையே வேகத்துக்கு உகந்தது என்று நம்பியதும், மற்றவர்கள் அவர்களைப் பின்பற்றியதும் தாமதத்துக்குப் பெரிய காரணம் என்றே தோன்றுகிறது. ஸ்லோவேனியாவின் பெகுன்யே ஊரிலுள்ள எலான் நிறுவனத்தில் யூரி ஃபிராங்கோ, பாவெல் ஷ்கோஃபிட்ஸ் என்ற பொறியியலார் இருவர் வடிவமைத்த ஆழ்ந்த ஒடுக்கமுள்ள பலகை 1993-ஐ ஒட்டி வெளிவந்தது. பத்தாண்டு முடிவதற்குள் நேர்ப்பலகைகள் கடைகளிலிருந்து மறைந்தே போயின.

சரி, உங்கள் பழைய பலகை பயனற்றதா? அப்படிச் சொல்ல முடியாது. அதன் அடிப்பாகம் பாலியெத்திலீன் என்னும் பிளாஸ்டிக். உராய்வு வெப்பத்தால் பனி உருகி உண்டாகும் மெல்லிய நீர்ப்படலத்தின் மீதே பலகை வழுக்குகிறது. இதை 1939-இல் பௌடன், ஹியூஸ் என்ற ஆய்வாளர்கள் சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் உயரத்தில் செய்த சோதனைகளின் துணைகொண்டு விளக்கினர். காய்ந்து வெளுத்த அடிப்பாகத்துக்குச் சூடான மெழுகு ஏற்றலாம். துருப்பிடித்த விளிம்பைத் தீட்டலாம். பலகையைப் பொறுத்தவரை, பழைமை என்பது சிரமமே, பேராபத்து அன்று.

ஆபத்து இருப்பது பூட்டில். பைண்டிங் எனப்படும் இந்த எந்திரம் ஒன்றுக்கொன்று முரணான இரு வேலைகளைச் செய்கிறது. ஓடும்போது காலணியை இறுகப் பற்ற வேண்டும். விழும்போது எலும்பு முறியுமுன் விட்டுவிட வேண்டும். முன்பகுதி பக்கவாட்டிலும், குதிகாலைப் பற்றும் பின்பகுதி மேல்நோக்கியும் திறக்கும். எப்போது திறக்க வேண்டும் என்பதை உள்ளிருக்கும் சுருள்வில் தீர்மானிக்கிறது. பலகையின் முனை பனியில் சிக்கினால் என்ன நேர்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பாதத்திலிருந்து ஒரு மீட்டர் தொலைவிலுள்ள முனையில் 10 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை பக்கவாட்டில் பட்டாலே, உங்கள் முழங்கால் எலும்பின் மீது ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் முறுக்கம் விழும். பூட்டின் மேலுள்ள சிறு சாளரத்தில் தெரியும் எண் இந்த முறுக்கத்தைக் குறிப்பதே. 5 என்றால், ஏறத்தாழ 50 நியூட்டன் மீட்டரில் முன்பகுதி திறக்கும்.

சாளரத்தில் இன்றும் 7 என்று தெரிகிறதே, பழுதில்லையே என்கிறீர்களா? அந்த எண் சுருள்வில் எவ்வளவு இறுக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். பூட்டு உண்மையில் எப்போது திறக்கும் என்பதைச் சொல்லாது. எஃகுச் சுருள்வில் பரணில் கிடந்து பெரிதாகக் கெட்டுவிடுவதில்லை. ஆனால் உள்ளே தடவிய கிரீஸ் காய்ந்து பசையாகியிருக்கும். பிளாஸ்டிக் உறை நொய்ந்திருக்கும். காலணி முனையின் அடியில் உள்ள வழுக்குத் தகடு தேய்ந்தோ உரிந்தோ போயிருக்கும். அது வழுக்காவிட்டால் முனை பக்கவாட்டில் நகராது. இவை எவையும் கண்ணுக்குத் தெரியா. நூறு நியூட்டன் மீட்டருக்கு மேலும் திறக்காமல் இருக்கலாம். சமதரையில் திடீரென்று திறந்தும் விடலாம். அமெரிக்காவில் தயாரிப்பாளர்கள், எந்தெந்தப் பூட்டுகளுக்குத் தாங்கள் பொறுப்பேற்பர் என்று பருவந்தோறும் பட்டியல் வெளியிடுகின்றனர். பட்டியலில் இல்லாததைக் கடைக்காரர் தொடமாட்டார். அவர் விற்பனைக்காக மிரட்டுகிறார் என்று எண்ண வேண்டாம்.

மேலும், எண் பொருத்தமானதாகவே இருந்தாலும், அது 1985-இன் உங்களுக்கு உரியது. எடை, உயரம், வயது, காலணி அடியின் நீளம், சறுக்கும் பாங்கு ஆகியவற்றைக் கொண்டு அட்டவணையில் பார்த்தே எண்ணை வைக்கிறார்கள். ஐம்பது வயதை எட்டியவருக்கு ஒரு படி குறைக்க வேண்டும் என்பது விதி. வேகமாகச் சறுக்குபவன் என்று பெருமைக்காகச் சொல்லிவிட்டால், அதன் விலையை எலும்புதான் கொடுக்க நேரும்.

நல்ல பூட்டு என்ன சாதித்தது என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துச் சுகர்புஷ் மலையில் ஜான்சன், எட்லிங்கர், ஷீலி ஆகியோர் 1972-இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் காயங்களை ஆராய்ந்தனர். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முறிவுகள் பெருமளவு குறைந்தன. ஆனால் முழங்கால் மூட்டின் உள்ளே குறுக்காக ஓடும் முன் தசைநார் அறுவது அவ்வாறு குறையவில்லை. இடையில் கூடவும் செய்தது. பின்னோக்கிச் சாய்ந்து, கால் முறுக்கிக்கொண்டு விழும்போது, அந்த விசையைப் பூட்டின் இரு பகுதிகளும் சரியாக உணர்வதில்லை. புதுப் பூட்டு வாங்கியும் முழங்காலுக்கு முழுக் காப்பு இல்லை. விழத் தொடங்கிவிட்டால், பின்பக்கம் உட்கார்ந்தபடியே எழ முயலாமல் விழுந்துவிடுவதே நலம்.

காலணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதன் ஓடு பெரும்பாலும் பாலியூரித்தேன் பிளாஸ்டிக். காற்றிலுள்ள ஈரம் ஆண்டுக்கணக்கில் இதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துக்கொண்டே வரும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் இது நிற்காது. வீட்டில் மாட்டிப் பார்க்கும்போது உறுதியாகத் தோன்றும் காலணி, மலைக்குளிரில் முதல் அழுத்தத்திலேயே துண்டு துண்டாக உடைவது உண்டு. புதுக் காலணியைப் பழைய பூட்டில் மாட்டலாமே என்றால், அதுவும் சரிப்படாது. இன்றைய காலணிகள் பலவற்றின் அடி, நடக்க வசதியாக வளைந்து ரப்பர் பதித்தது. உங்கள் பூட்டோ தட்டையான கெட்டி அடிக்காக அமைந்தது.

எனவே பணம் செலவிடுவதானால் முதற்செலவு காலணிக்கே. அளவு பாதத்தின் நீளம் எத்தனை சென்டிமீட்டரோ அதுதான். உள்ளுறையை எடுத்துவிட்டு வெறும் ஓட்டில் பாதத்தை நுழைத்து, விரல்கள் முன்புறம் தொடும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி போதும். அதற்கு மேல் இருந்தால், அன்று சுகமாக இருக்கும்; மலையில் பாதம் உள்ளே ஆடும். பலகையையும் பூட்டையும் முதல் சில நாட்களுக்கு வாடகைக்கே எடுங்கள். புதுப் பலகையை ஓட்டிப் பழகாமல் எந்த வகை வேண்டும் என்று உங்களுக்கே தெரியாது. வாடகைக் கடையில் உங்கள் எடையையும் வயதையும் உண்மையாகச் சொன்னால் எண்ணை அவர்களே வைத்துத் தருவார்கள்.

சரிவில் இறங்கியதும் பழைய பழக்கம் குறுக்கே வரும். அன்று இரு முழங்கால்களையும் ஒட்ட வைத்துச் சறுக்குவதே அழகு. புதுப் பலகையின் அகன்ற முனைகள் அப்படிச் செய்தால் ஒன்றின்மீது ஒன்று ஏறிவிடும். பாதங்களை இடுப்பளவு அகற்றி வையுங்கள். மேலே எழும்பித் திருக வேண்டாம். வளைவின் வெளிப்புறக் காலில் பாரத்தை ஏற்றி, பலகையைச் சாய்த்துவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். அது தானே திரும்பும். முதல் நாள் நீல நிற அடையாளமிட்ட எளிய சரிவில் இதை முயன்று பாருங்கள். தொடைத் தசைகள் நடுங்கத் தொடங்கினால், பொழுது சாயாவிட்டாலும், இறங்கும்போது சறுக்காமல் கம்பி வண்டியிலேயே கீழே வந்துவிடலாம்.